கேமரா டேபிளில் நம்பிராஜன்

தென்காசியில் ஸ்னூக்கரா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அகமது கபீரின் கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். மாடியில் ஒரே ஹால், இரண்டு டேபிள், சுவரில் ஒரு பெரிய டி.வி. இங்கிலாந்தில் எவனோ ஒருவன் ஒரு சிவப்புப் பந்தைத் தவறவிட்டால் இங்கே நாலு பேர் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். அந்த நாலு பேரில் பெரிய சத்தம் நம்பிராஜனுடையது.

நம்பிராஜன் இலஞ்சிக்காரர். பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். ஆபீசர்ஸ் மெஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த நேரங்களில் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமானார். ஆபீசர்கள் இல்லாத பகல்களில் அங்கே பந்து அடுக்கிக் கொடுக்கும் ஆளைக் கெஞ்சி ஆடவும் கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் ஒரு வேன் வாங்கினார். குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பிள்ளைகளைக் காலையில் ஏற்றித் தென்காசியில் பள்ளிக்கூடத்தில் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். பனிமலைச் சரிவில் கன்டெய்னர் லாரிக்கு வழிவிட்டு ஓட்டியவர், ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது ஊரறிந்த பெருமை. அந்தப் பெருமையை நம்பித்தான் பெற்றவர்கள் பிள்ளைகளை அவர் வண்டியில் ஏற்றினார்கள்.

கிளப்பில் முக்கால்வாசிச் சண்டை ஒரே விஷயத்துக்காகத்தான். எந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டுகிறான், எதைக் காட்டாமல் விடுகிறான்?

"பாருங்க பாய், வெளி டேபிள்ல ரெண்டு பேரு உயிரைக் குடுத்து ஆடுதான். அங்க கேமரா கிடையாது. இங்க ஒருத்தன் அஞ்சுக்கு சைபர்ல செத்துக் கிடக்கான், இதைக் காட்டிக்கிட்டு இருக்கான். எவன் இதைப் பொறுக்கி எடுக்கான்?" என்று நம்பிராஜன் நாற்காலியைத் தட்டுவார்.

"பேரு உள்ளவனைத்தான வே காட்டுவான்? பேரில்லாதவனை எவன் பாப்பான்?" என்பார் கபீர். கடையநல்லூர்க்காரர். துபாயில் பாதி வயதைக் கழித்துவிட்டு வந்தவர், எதையும் கடைக்காரர் கண்ணால்தான் பார்ப்பார்.

"பேரு எப்படி வரும்? காட்டுனாத்தான வரும்?" என்று இடையில் புகுவான் ஜெபஸ்டின். கீழே செல்போன் கடை வைத்திருப்பவன். வயதில் இளையவன். ஆனால் யார் எத்தனை லாங் பாட் போட்டார்கள், அதாவது எத்தனை தூரத்துப் பந்தைக் குழிக்குள் தள்ளினார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று அவன் பேசத் தொடங்கினால் நிறுத்த ஆள் கிடையாது.

இவர்களுக்கென்று ஒரு ஆட்டக்காரர் உண்டு. ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு ஊர். அவர் பெயர் யார் வாயிலும் சரியாக நுழையவில்லை என்பதால் சித்தப்பா என்று வைத்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு டி.வி. டேபிள் கிடைத்ததே இல்லை. செல்போனில் ஸ்கோர் மட்டும் வரும். அந்த வெறும் எண்களை வைத்துக்கொண்டு இவர்கள் மணிக்கணக்கில் அவருடைய ஃபார்மைப் பேசுவார்கள். போன குளிர்காலத்தில் சித்தப்பா தொடர்ந்து தோற்றபோது, மனசு விட்டுப் போச்சு என்றார் கபீர், பயந்து ஆடுகிறார் என்றான் ஜெபஸ்டின், குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நம்பிராஜன் சத்தியமே செய்தார். ஒருநாள் அதிசயமாக அவரை டி.வி.யில் காட்டினார்கள். பார்த்தால் மணிக்கட்டில் கனமான கட்டு. கை வலி! பாவம், மனுசன் வலியோடு ஆடியிருக்கிறார். மூன்று பேரும் அன்றைக்குக் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். அதோடு சரி. அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டார்களா என்றால் ஒரு மண்ணும் இல்லை.

ஏனென்றால் கபீரும் தன் கிளப்பில் அதையேதான் செய்தார். சன்னலோரத்து டேபிளுக்கு மேலே கம்பி கட்டி ஒரு கேமராவை மாட்டியிருந்தார். குற்றாலச் சீசன் சமயத்தில் போட்டி வைத்து அதை யூட்யூபில் நேரடியாக விடுவார். துபாயிலும் தம்மாமிலும் ஒரே ரூமில் எட்டுப் பேராகக் கிடக்கிற கடையநல்லூர்ப் பையன்கள் அதைப் பார்த்துக் கமெண்ட் போடுவார்கள். அவர்கள் கேட்பது மணிகண்டபிரபுவின் ஆட்டத்தை. நீள முடி வைத்த செங்கோட்டைப் பையன், கண்மூடித் திறப்பதற்குள் நாலு பந்தைக் குழியில் போட்டுவிடுவான். அவனுக்கு எப்போதும் கேமரா டேபிள். நம்பிராஜனுக்குச் சுவரோரத்து டேபிள், கரும்பலகையில் எழுதிய ஸ்கோர்.

"என்னை ஒரு தடவையாவது காட்டும் பாய்" என்று கேட்டே விட்டார் நம்பிராஜன்.

"ஃபார்ம் வரட்டும் வே, காட்டுவோம்" என்றார் கபீர்.

ஃபார்ம் வரவில்லை. சித்திரையிலேயே போய்விட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு போடும் பந்துகளை நம்பிராஜன் விட ஆரம்பித்தார். குழியின் வாயில் நிற்கும் பந்தை விட்டுவிட்டு எங்கோ இருக்கும் பந்துக்குக் குறி வைப்பார். தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் இவர்கள் சித்தப்பாவைப் பேசியது போலவே அவரையும் பேசினார்கள். குச்சியின் நுனித் தோல் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார்கள். தோள் இறங்குகிறது என்று நிமிர்த்தினார்கள். வீட்டில் சண்டையா என்று விசாரித்தார்கள். அத்தனை பேர் இருந்த அந்த ஹாலில், கண் எப்படியிருக்கிறது என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பார், அதுவும் பொய்யாக இருக்காது. மங்கலாகத் தெரிந்தால் ஆளுக்குச் சந்தேகம் வரும். இருட்டாக வந்தால் பயம் வரும். இது இரண்டாகவும் வரவில்லை. அவர் தலைக்குள் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அவருடைய இடது பக்கப் பார்வையை எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்த இடத்தில் ஓட்டை தெரியாதபடி மனமே எதையோ இட்டு நிரப்பிவிட்டது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று மட்டும் அவருக்குத் தோன்றும். ஒன்றும் இல்லாத இடத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அவருடைய மனைவி வேல்விழி தட்டில் இடது பக்கம் வைத்த அவியல் அப்படியே கிடப்பதைப் பார்த்துச் சடைத்துக்கொண்டாள்.

"அவியல் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? தேங்கா விக்குத வெலையில தெனம் அள்ளிக் கொட்டுதேன்."

"எங்கட்டி வச்சே?" என்றார் அவர். அவள் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு தட்டை எடுத்துப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. சாரலும் தொடங்கியது. குற்றாலத்துச் சாலை முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய் மினுக்கும் உடம்புமாக ஆட்கள், வாழைப்பழத்துக்கு அலையும் குரங்குகள், எங்கே திரும்பும் என்று ஓட்டுபவனுக்கே தெரியாத வெளியூர்க் கார்கள். முதல் வாரத்திலேயே வேனின் இடது பக்கக் கண்ணாடி ஒரு லாட்ஜ் வாசல் தூணில் மோதிச் சிதறியது. அடுத்து ஒரு ஆட்டோவை உரசினார். மழை கண்ணை மறைக்கிறது என்று இடது வைப்பரை மாற்றினார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீசனில் யார் வண்டிதான் உரசாமல் இருக்கிறது?

ஒரே ஒருத்திக்குத் தெரிந்தது. மேலகரத்தில் ஏறும் ரூபி டீச்சர். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவள், முன் சீட்டில் டிரைவருக்கு இடப் பக்கம் உட்காருவாள். முதலில், "அண்ணாச்சி, ஆடு" என்றாள். பிறகு, "அண்ணாச்சி, சைக்கிள்." கொஞ்ச நாளில் அது அவளுக்கே பழக்கமாகிவிட்டது. வேன் கிளம்பினால் அவள் இடது பக்கத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள், அவர் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். இரண்டு பேரும் அதை ஒருநாளும் பேசியதில்லை. கவனப் பிசகு, வயசாகிறது என்று அவள் நினைத்தாள். சொன்னால் அவர் பிழைப்பில் மண் விழும் என்றும் நினைத்தாள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் வேனை ஓட வைத்தது.

வேனின் கதவும் இடது பக்கம்தான். பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கம்.

ஒரு காலையில் பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இறங்கியாகிவிட்டது என்று நம்பிராஜன் கியரைப் போட்டார். அனுசியா என்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளை, பையின் வார் கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ள, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் லேசாகத் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினார். ரூபி போட்ட சத்தத்தில் வண்டி நின்றது, கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஓடி வந்தார்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. முட்டியில் சிராய்ப்பு. நம்பிராஜன் இறங்கி ஓடிப்போய் அவளைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு அந்தப் பயமே கோபமாக மாறியது.

"ஏட்டி, எறங்கும்போது வெளையாட்டு என்ன வெளையாட்டு? சட்டுனு எறங்க வேண்டாமா?" என்று கத்தினார். பிள்ளை அழுதது.

ரூபி அவர் முகத்தையே பார்த்தாள். "அண்ணாச்சி, அவ உங்களுக்கு நேரா நின்னுட்டு இருந்தா."

"இல்ல டீச்சர், நான் பாத்தேன். அங்க யாரும் இல்ல" என்றார். அவர் அதை முழு மனதோடு நம்பிச் சொன்னார். அன்று சாயங்காலத்திலிருந்து ரூபி தானே முதலில் இறங்கி, கதவைச் சாத்தி, தட்டிச் சொன்ன பிறகுதான் வேன் நகரும் என்று ஆனது.

அந்த வாரமே அவருக்கு ஃபார்ம் திரும்பியது. அது நடக்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. ஜெபஸ்டின் நாலு நாள் உட்கார்ந்து அவர் ஆட்டத்தையே கவனித்துவிட்டு வந்து சொன்னான்:

"அண்ணாச்சி, நீங்க விடுதது பூராவும் இடது பக்கத்துப் பந்துதான். குனியும்போது மூஞ்சிய ஒரு விரக்கடை இடது பக்கம் திருப்பி வையிங்க. அப்புறம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால டேபிளை ஒரு சுத்து சுத்தி வாங்க. பெரிய பெரிய ஆளுவளே அப்படித்தான் செய்தாவ."

செய்து பார்த்தார். பந்து விழுந்தது. மறுநாளும் விழுந்தது. முகத்தைத் திருப்பியதும் மறைந்து கிடந்த பாதி டேபிள் கண்ணுக்கு வந்துவிட்டது, விஷயம் அவ்வளவுதான். ஆனால் கிளப்பில் அன்று திருவிழா. ஜெபஸ்டினைக் கோச் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கபீர் எல்லோருக்கும் முட்டைபோண்டா வரவழைத்தார். நம்பிராஜன் வேனுக்குள் ஏறும்போதே சீட்டி அடித்தார். தனக்குள் அரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு சின்னப் பயம் போயே போய்விட்டது. ஃபார்ம்தான், வேறொன்றுமில்லை, இதோ சரியாகிவிட்டது! டேபிளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஆடலாம். ரோட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டா வண்டி ஓட்ட முடியும்? அந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை.

சீசன் போட்டியில் ஒவ்வொருவராகத் தோற்கடித்து நம்பிராஜன் ஃபைனலுக்கு வந்துவிட்டார். எதிரில் மணிகண்டபிரபு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், கேமரா டேபிள். இந்த முறை கபீர் தானாகவே கூப்பிட்டுச் சொன்னார். நம்பிராஜன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

முடிவு செய்யும் கடைசிச் சுற்றான ஃபிரேம் வரை இழுத்தது. ஹாலில் மூச்சு விட இடமில்லை. பதற்றத்தில் அவர் ஒரு தடவை சுற்றி வர மறந்தார். நேராகக் குனிந்தார், எதையும் குழிக்கு அடிக்காமல் வெள்ளைப் பந்தை ஒரு சிவப்பில் மெல்லத் தட்டி வேறொரு பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். கூட்டத்தில் ஒரு 'ஆ' எழுந்தது. இடது மூலைக் குழியின் வாயில் ஒரு சிவப்பு, ஊதினால் விழும் நிலையில் நின்றுகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு இந்த மனுசன் பதுங்குகிறார் என்றால் ஏதோ பெரிய திட்டம் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். மணிகண்டபிரபுவும் நினைத்தான். யோசித்து யோசித்துக் குழம்பி, அவனே அந்தச் சிவப்பை அவசரப்பட்டு அடித்துக் குழியில் விழாமல் விலக்கித் தள்ளினான். பத்து நிமிடத்தில் நம்பிராஜன் ஜெயித்துவிட்டார். மாலை போட்டார்கள். துபாயிலிருந்து கமெண்ட் கொட்டியது.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கினார். ரூபி டீச்சர் அன்று வரவில்லை, காய்ச்சல் என்று செய்தி வந்திருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளப்புக்கு வந்தார். பள்ளி விடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கபீரும் ஜெபஸ்டினும் மட்டும் இருந்தார்கள். நேற்றைய ஆட்டத்தை டி.வி.யில் போட்டு, ஒரு சர்வதேச ஆட்டத்தைப் பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள்.

கடைசி ஃபிரேம் வந்தது.

"இந்தா, இதுதான் ஷாட்டு!" என்று கபீர் தொடையில் தட்டினார். "அவ்வளவு லேசான செவப்ப விட்டுட்டு வெள்ளைய ஒளிச்சீரே, அங்கதான் வே அந்தப் பய செத்தான்."

நம்பிராஜன் டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். தலையைச் சாய்த்து, திருப்பி, மறுபடி பார்த்தார்.

"இந்தச் செவப்பு எப்ப வந்துச்சு?"

கபீர் சிரித்தார். "எங்ககிட்டயே நடிக்காரே."

"இல்ல பாய். ஜெபஸ்டினு, கொஞ்சம் பின்னால ஓட்டு."

ஓட்டினான். திரையில் அந்தச் சிவப்புப் பந்து இடது பக்கம் இருக்க, வெள்ளைச் சட்டை போட்ட நம்பிராஜன் டேபிளை நேராகப் பார்த்து நின்றார். பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை என்பது போல விலகிப் போனார். கண்ணால் பார்த்துவிட்டு விலகும் ஆள் அப்படிப் போக மாட்டான் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்தது. அங்க யாரும் இல்ல டீச்சர் என்று தான் சொன்னது காதில் கேட்டது.

"டென்சன்ல ஒண்ணு ரெண்டு தெரியாம போறது சகஜம்தான் அண்ணாச்சி" என்றான் ஜெபஸ்டின். சொல்லிவிட்டுப் படத்தை இன்னொரு தடவை தானே பின்னால் ஓட்டினான்.

"ஆமா வே, ஃபார்ம்ல இருக்கும்போது இதெல்லாம் போட்டு மனசக் கொழப்பாதயும்" என்றார் கபீர்.

எவ்வளவு சுலபமான வழி! தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். ஒரு நிமிடம் நம்பிராஜனுக்கு அப்படித்தான் ஆசை வந்தது. ஐம்பதைத் தாண்டிய டிரைவருக்கு வண்டியை விட்டால் வேறு என்ன தெரியும்? பிறகு அவர் சன்னலோரத்து டேபிளுக்குப் போனார். மற்ற பந்துகளை ஒதுக்கிவிட்டுக் கருப்பை மட்டும் அதன் இடத்தில் வைத்தார். எதிர்ப்பக்கம் வந்து நின்றார்.

"பட்டாளத்துல டாக்டர் இப்படித்தான் விரலைக் காட்டிப் பாப்பாரு. நான் கருப்பையே பாத்துக்கிட்டு இருக்கேன், கண்ண எடுக்க மாட்டேன். நீ பிங்க் பந்த ஓரத்துலருந்து கருப்பு பக்கமா மெல்ல உருட்டிக் கொண்டா. கண்ணுல பட்டதும் சொல்லுதேன். மொதல்ல வலது பக்கம்."

ஜெபஸ்டின் பந்தை டேபிளின் வலது விளிம்பில் வைத்துக் கையை எடுப்பதற்குள், "இந்தா தெரியுது" என்றார். கபீர் பெருமூச்சு விட்டார். "நான்தான் சொன்னேம்லா!"

"இப்ப இடது பக்கம்."

அவர் அசையாமல் நின்றார். கருப்பு தெளிவாக, விளிம்பில் விளக்கொளி மின்ன இருந்தது. பச்சைத் துணி சுத்தமாக இருந்தது. சாரல் சன்னல் கண்ணாடியில் அடித்தது. தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"உருட்டு லே."

கருப்பின் பக்கம் எதுவும் வரவில்லை.

"ஏம்லே நிக்கே? பள்ளிக்கூடம் விடப் போவுது, நான் போணும். வைலே பந்த!"

"வச்சாச்சு அண்ணாச்சி" என்றான் ஜெபஸ்டின். அவன் அழுதுகொண்டிருந்தான். "கருப்ப ஒட்டிக்கிட்டு இருக்கு."

நம்பிராஜன் உடனே தலையைத் திருப்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து டேபிள் மேல் வைத்தார்.

"பாய், ஸ்கூலுக்குப் போன் போடுங்க. நம்பிராஜன் வேன் வராது, பிள்ளையள ரோட்டுக்கு விட வேண்டாம், உள்ளயே உக்கார வைக்கச் சொல்லுங்க."

கபீர் போனை எடுத்தார். பள்ளியின் எண்ணைத் தேடினார். நம்பிராஜன் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னைக்குக் காலையில டீச்சர் வரல பாய்," என்றார். "நான் மட்டும்தான் ஓட்டிட்டுப் போனேன். வண்டி நெறையப் பிள்ளைய."